வண்டுக்கு எதுகை

அன்பு மருமகள் வண்டுவுக்கு, உன் மாமா வாழ்த்தி எழுதுவது.

இங்கே நான் முழு நலம். அச்சு இயந்திரம் முக்கால் நலம். உன் அம்மா அரை நலம். அந்த மீதி அரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாமல் உட்கார்ந்து படி.

நம் அச்சு மிஷின்காரர் போனில் உன்னிடம் என்னவோ உளறிவிட்டாராம். "அம்மா விழுந்துட்டாங்க, பேச்சு போயிடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பேப்பர் சிக்கிக்கொண்டது என்று வைத்துவிட்டாராம். இயந்திரத்தோடு பேசிப் பேசி அவருக்கு மனிதர்களோடு பேசும் முறை மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் நீ "ம்" என்கிறாய். கடிதத்தில் யாரும் "ம்" போட முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அன்று கடையில் கால் வைக்க இடமில்லை. உன் அம்மா வாசல் பக்கம் தையல் மிஷினில் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே மேசையில், புதிதாகத் திறக்கப்போகும் செருப்புக் கடையின் அழைப்பு அட்டைக்குக் கவிதை கட்டிக்கொண்டிருந்தேன். காலர் வைக்கும்போது மிஷின் எப்படிச் சத்தம் போடும் என்று உனக்குத் தெரியும். ஓடும், நிற்கும், திரும்பும், மறுபடி ஓடும். அன்று ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. உன் அம்மா அளவு தாண்டித் தைக்கிற ஆளா? அதனால்தான் எட்டிப் பார்த்தேன். காலர் எப்போதோ முடிந்து, வெறும் தகட்டின் மேல் ஊசி குத்திக்கொண்டே இருந்தது. அக்காவின் கால் மட்டும் பெடலை அழுத்தியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒற்றை ஆளாக அவளைக் கையில் தூக்கிக்கொண்டு, நடுச்சாலையில் நின்று போக்குவரத்தையே நிறுத்தி, மருத்துவமனை வாசலில்தான் இறக்கினேன். உள்ளே போனதும் தலைமை மருத்துவரே என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நம் கடை அட்டை இல்லாத வீடு இந்த ஊரில் ஏது? மூளைக்குப் போகும் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது என்றார். வலது கை, வலது கால் தூங்குகின்றன. பேச்சு இருக்கும் அறைக்குப் பூட்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனிமேல்தான் சுவையான சங்கதி. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சாவி, கோப்பை, நாற்காலி என்று படம் படமாகக் காட்டினாள். அக்கா சாவியைப் பார்க்கிறாள், அது என்னவென்று தெரிகிறது, வாய் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை. கண்ணில் நீர் நிற்கிறது. நான் அதைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மிச்சமிருந்த செருப்புக் கடைக் கவிதையை முணுமுணுத்தேன்.

"கல்லிலும் முள்ளிலும் கால் நோகாமல்..."

அடுத்த அடி எனக்கு ஓடவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்:

"செல்லலாம்."

உன் அம்மா, வண்டு. உன் அம்மாவின் குரல். கல்லுக்குச் செல். துல்லியமான எதுகை. வாய் கோணி வந்தாலும் எழுத்து கோணவில்லை. நர்ஸ் ஓடி வந்து, "பாட்டிம்மா, இப்போ எங்கேயும் போகக் கூடாது, படுங்க" என்று அதட்டினாள். நான் சொன்னேன்: "அவங்க வீட்டுக்குப் போகணும்னு சொல்லல சிஸ்டர். அது செருப்புக் கடைக்கு ரெண்டாவது அடி." அந்த வார்டே சிரித்தது.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான். நான் முதலடி கொடுக்கிறேன், அவள் இரண்டாமடியை எடுத்துக் கொடுக்கிறாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. என் பெயர் சொல்லத் தெரியவில்லை. எதுகை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வருகிறது. பாட்டு மூளையில் வேறு அறையில் இருக்கிறதாம், அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறதாம். பயிற்சிப் பெண் என்னிடம் வந்து, சார், இது எப்படி என்று கேட்டாள். எட்டாம் வகுப்பை முழுசாகவும் ஒன்பதாம் வகுப்பை மேலோட்டமாகவும் படித்த நான், அவளுக்கு அரை மணி நேரம் யாப்பிலக்கணம் நடத்தினேன். அடியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, முதலெழுத்து ஒத்துவந்தால் மோனை என்றேன். ஆனால் எதுகைக்கு இன்னொரு கட்டு உண்டு, முதலெழுத்து அளவில் பொருந்த வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்றேன். அவள் குறித்துக்கொண்டாள்.

அந்தக் கட்டை எனக்கு நினைவுபடுத்தியது உன் அம்மாதான் என்பதையும் மறைக்க மாட்டேன். பேக்கரிக்காரர் மனைவி இறந்தபோது நினைவு அட்டைக்கு நான் எழுதிய கவிதை ஊரையே அழவைத்ததே, தெரியுமா? கவிதை என்னுடையது. நான் எழுதியது, "பாட்டில் என்னை எழுப்பினாய், பட்டுப் போனதே என் காலை" என்று. உன் அம்மா வாயில் நூலைக் கடித்தபடி கேட்டுவிட்டு, "பாட்டும் பட்டும் ஒரே அளவாடா? ஒண்ணு ஆள் அளவு, ஒண்ணு கைக்குழந்தை அளவு" என்றாள். அப்புறம், "பாட்டில்னு போட்டா அந்த ஆளோட கூட்டாளிங்க வேற பாட்டிலை நினைப்பாங்க" என்றாள். பிறகு ஒன்றிரண்டு சொல்லை மட்டும் தட்டிக் கொடுத்தாள்:

"பாட்டால் என்னை எழுப்பியவள் போனாள்.
வீட்டில் இன்னும் விடியவில்லை."

கரு என்னுடையதுதானே. அவள் வெட்டித் தைத்தாள், அவ்வளவுதான்.

ஆகவே கவலைப்படாதே. நாள் முழுக்க நூறு அடிக்குக் குறையாமல் சொல்கிறாள். மூச்சுக்கு மூச்சு உன்னைத்தான் கேட்கிறாள். நீ ஒரு எட்டு வந்து நின்றால் எழுந்து நடந்துவிடுவாள். அந்தக் கண்ணாடி வில்லை ஆலையில் விடுமுறை சொல்லிவிட்டுப் புறப்படு. உனக்கு எல்லா நலமும் சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா

* * *

அன்பு மருமகள் வண்டுவுக்கு, மாமா எழுதுவது.

உன் பதில் வந்தது. நீ வேலை செய்யும் ஆலையில் நூலிழை பிசகினாலும் வில்லையைத் தள்ளிவிடுவார்கள் என்று சொன்னாயே, கடிதமும் அப்படித்தான் எழுதுகிறாய். நாலே வரி. "மாமா, அம்மாவுக்குப் பேச்சு வரலேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் மூச்சுக்கு மூச்சு எப்படிக் கேட்டாங்க? என்ன வார்த்தை சொன்னாங்க, அதை மட்டும் எழுதுங்க. அம்மா கேட்டா வர்றேன். நீங்க கேட்டா வர மாட்டேன்."

மாமாவை இப்படி நெம்பலாமா? சரி. கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன். நூறு அடி என்றது, நல்ல நாளில் பத்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள். அவளை நான் ஒற்றை ஆளாகத் தூக்கவில்லை, மிஷின்காரர் கால் பக்கம் பிடித்தார், வாடகைக் கார் டிரைவர் கதவைத் திறந்தார். தலைமை மருத்துவர் எழுந்து நின்றது உண்மைதான். அவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

உன் அம்மாவை இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கடைக்குப் பின்னாலுள்ள அறையில், காகிதக் கட்டு அடுக்கும் இடத்தை ஒழித்துக் கட்டில் போட்டிருக்கிறேன். இயந்திரம் ஓடும்போது தரை லேசாக அதிரும், அது அவளுக்குப் பழக்கமான அதிர்வு. முதல் நாள் தையல் மிஷினைப் பார்க்க வேண்டுமோ என்று நினைத்து அவளை நகர்த்தி உட்கார வைத்தேன். இடது கையால் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தாள். வலது கையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு நூலை மிஷின் மேலேயே வைத்துவிட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு முதலடி சொன்னேன். அவள் இரண்டாமடி சொல்லவில்லை.

நீ அந்தக் குடையை மறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. நான் மட்டும் மறந்தேனா? அத்தான் இறந்த மாதம், நீ ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து அம்மாவின் தையல் மிஷின் மேல் வைத்தாய்.

"அப்பாவின் குடை
மூலையில்
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது."

உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் எதுகையும் தெரியவில்லை, மோனையும் தெரியவில்லை. நான் கூட்டிப் பார்த்தேன், சீர் கணக்கும் வரவில்லை. ஆனால் அன்று மாலை மூலையில் கிடந்த அத்தானின் குடையை எடுக்கப் போய், எடுக்காமல் வந்துவிட்டேன். உன் அம்மா துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்து, குடை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "எதுகை எங்கே?" என்று எழுதி உன்னிடமே நீட்டினாள். நீ கேட்டாய், "அம்மா, இதைப் படிச்சா உனக்கு வேற ஒண்ணுமே தோணலையா?" என்று. அவள், "அடி அடியா உடைச்சுப் போட்டா கவிதையா? இது வெறும் பேச்சு" என்றாள். "அந்த வெறும் பேச்சைத்தான் நீ என்கிட்ட ஒரு நாளும் பேசினதில்லையே" என்று சொல்லிவிட்டு நீ மாடிப்படி ஏறியது வரைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது. பெட்டி கட்டும் சத்தம், அதற்குப் பிறகு இயந்திரச் சத்தம் மட்டும்.

நீ போன பிறகு அவள் உன் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தால், "ஆர்டரைப் பாருடா" என்பாள். இதை நான் உன்னிடம் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அவள் தினமும் உன்னை நினைத்துக் கண்ணீர் விடுவதாகத்தான் எழுதிவந்தேன். கண்ணில் நீர் வந்திருக்கலாம், யார் கண்டது. நான் பார்த்ததில்லை.

சரி, நீ கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். வார்த்தை வேண்டும் என்றாய், பிடித்துத் தருவோம் என்று நானும் இறங்கினேன். நான் சாமானியனா? உன் பெயருக்கு எதுகை என்னென்ன என்று யோசித்தேன். மிஷின் காலடியில் கைக்குழந்தையாகக் கிடந்து, மோட்டார் சத்தத்துக்குச் சமமாக நீ "ம்ம்ம்" என்று இழுத்தபோது உனக்கு வண்டு என்று பெயர் வைத்தவனே நான்தான். கண்டு, நண்டு, செண்டு, துண்டு, குண்டு, கொண்டு. எல்லாம் குறில், எல்லாம் பொருந்தும். முதலடியை இவற்றில் ஒன்றை வைத்துத் தொடங்கினால் அவள் வாய் தானாக வண்டு என்று போய் விழுந்துதானே ஆக வேண்டும்.

காலையில் டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "செண்டு மலர்ந்தது தோட்டத்திலே..." பூவுக்கு அடுத்து வண்டு வராமல் எது வரும்? பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். உன் அம்மா கொஞ்சம் யோசித்து, "கண்டு" என்றாள். மறுநாள், "கண்டு மகிழ்ந்தேன் காலையிலே" என்றேன். "துண்டு" என்றாள். "துண்டு நூலைக் கோர்த்தெடுத்து" என்றேன். "கொண்டு" என்றாள். நண்டுகூட வந்தது, மருமகளே. கடலோரத்தையே பார்க்காத உன் அம்மா வாயில் நண்டு வந்தது. கடைசியில் எனக்கே பொறுக்காமல், தேன், பூ, ரீங்காரம் எல்லாவற்றையும் ஒரே அடியில் அடைத்துக் கொடுத்தேன். வேறு எந்தச் சொல்லும் நுழைய முடியாதபடி எல்லாப் பக்கமும் சுவர் வைத்துக் கொடுத்தேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பயிற்சிப் பெண் சொல்கிறாள், முதலில் ஒரு அடி முழுதாக வந்தது, பிறகு அரை அடி ஆனது, இப்போது ஒரு சொல்தான் வருகிறது, சார், அவங்களைக் கஷ்டப்படுத்தாதீங்க என்கிறாள். போன வாரம் இன்னொரு சின்ன அடைப்பு வந்துவிட்டுப் போயிருக்கலாமாம். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நீதான் உள்ளதை மட்டும் எழுதச் சொன்னாய்.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில்: இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். நான் விடமாட்டேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
மாமா

* * *

என் தாயே வண்டு,

மாமா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படி.

நேற்று போனில் நான் ஆரம்பித்ததுமே, "மாமா, போதும்" என்று வைத்துவிட்டாய். உன்மேல் குற்றமில்லை. ஒரு சொல்லைக் கேட்டாய், நான் இரண்டு கடிதமாகக் கதை சொன்னேன். மூன்றாவது தடவை அதே ஆள் அழுதுகொண்டே போன் செய்து "அம்மா சொல்லிட்டாங்க" என்றால் யார்தான் நம்புவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

முந்தாநாள் காலை. மழை பெய்து காகிதமெல்லாம் நமத்திருந்தது, அதனால் இயந்திரத்தை ஓட்டவில்லை, கடை அமைதியாக இருந்தது. அக்காவுக்கு முகம் துடைத்துவிட்டு, தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பார்த்தாயிற்று, நேராகவே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. முதலடி எதுவும் கட்டவில்லை. பூ இல்லை, தேன் இல்லை. அந்தச் சொல்லை மட்டும் சொன்னேன்.

"வண்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எதுகை சொல்லும்போது அவளுக்கு அப்படி ஆவதில்லை, அது வழுக்கிக்கொண்டு வரும். இது கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல் வந்தது.

"வேணும்" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சிரித்தேன். கையைத் தட்டினேன். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் உன் அம்மா எதுகையில் தவறியதில்லை. என்னை ஆயிரம் தடவை பிடித்திருக்கிறாள், நான் அவளை ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. இப்போது பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. "அக்கா, மாட்டினியா? வண்டு குறில், வேணும் நெடில். அதுலயும் கொச்சை. வேண்டும்னாவது சொல்லியிருக்கலாம். ஆள் அளவும் கைக்குழந்தை அளவும் ஒண்ணாக்கா?" என்று கேட்டேன். அவள் சொன்ன அதே வார்த்தையில் அவளையே கேட்டேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப அவளால் தானாக முடியாது. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, வண்டு. எழுந்து வெளியே வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த மிஷின்காரரிடம் பெருமையடித்தேன். அக்காவே இன்னைக்கு எதுகை தப்பிட்டா, வண்டுன்னு சொன்னா வேணும்கிறா, குறிலுக்கு நெடிலைப் போடறா என்று. அந்த ஆளுக்குக் கவிதை என்றாலே ஆகாது, உனக்குத் தெரியும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன்யா, வண்டு வேணும்னாங்களா?"

"அதுக்கு இலக்கணப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"இலக்கணம் கிடக்குது. பொண்ணு வேணும்னு கேட்டிருக்காங்க. நீ என்ன சொன்னே?"

உள்ளே ஓடினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைந்து, அவள் முகத்துக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, வண்டு வேணுமா? கூப்பிடறேன். இன்னொரு தடவை சொல்லு. தப்பில்லக்கா. நான்தான் மடையன், எனக்குக் காது அடைச்சுப்போச்சு. வேணும்னு இன்னொரு தடவை சொல்லு" என்று கெஞ்சினேன். கண் திறந்தது, என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சொல் இல்லை. எதுகைகூட இல்லை. கல் என்றால் செல் என்று வருவதில்லை. செண்டு, நண்டு ஒன்றும் இல்லை. நான் என் வாழ்நாளில் எழுதிய அத்தனை முதலடியும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்றே தெரியவில்லை.

விழுந்த நாளிலிருந்து அவள் சொன்னதெல்லாம் பாட்டு. இது ஒன்றுதான் பேச்சு. நீ அவளிடம் எதிர்பார்த்த வெறும் பேச்சு. அவள் உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னாள், நான் அதற்கு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன்.

இப்போது உனக்கு என் நிலைமை புரிகிறதா? நீ ஒரு சொல் கேட்டாய். அந்தச் சொல் வந்துவிட்டது. கேட்டவன் நான் ஒருவன். அறையில் வேறு யாரும் இல்லை. பயிற்சிப் பெண் அன்று வரவில்லை. மிஷின்காரர் என் வாயால்தான் கேட்டார். என் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும், உனக்கு ஊரைவிட அதிகம் தெரியும். எந்தக் கோயிலில் சத்தியம் செய்தாலும் அதையும் அலங்காரம் என்றுதான் நினைப்பாய்.

அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ கவிதை எழுதுகிறவள், நீயே எடை போட்டுப் பார். இதை நான் கட்டியிருந்தால் எப்படிக் கட்டியிருப்பேன்? "வண்டு என்றேன், கண்டு களிக்கும் நாள் எந்நாளோ என்று கண்ணீர் உகுத்தாள்" என்று எழுதியிருப்பேன். எதுகை இருக்கும், மோனை இருக்கும், அட்டையில் போட்டால் நாலு பேர் அழுவார்கள். அப்படி எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். குறிலுக்கு எதிரே ஒரு நெடிலை, அதுவும் தெருவில் பேசுகிற வேணும் என்ற சொல்லை, என் அக்கா வாயில் நான் வைப்பேனா? அவள் மேல் அப்படி ஒரு பிழையைக் கட்டிவிட என் கை ஓடுமா? அழகாக இருந்தால்தான், வண்டு, என் சரக்கு. இது அழகாக இல்லை. இதில் ஒரு நூல்கூட என்னுடையது இல்லை.

நேற்று மாலை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நான் எழுந்து நின்றேன். நாடி பார்த்தார், கண்ணை விரித்து விளக்கு அடித்துப் பார்த்தார். என்னை வாசல் பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற சொந்தம் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். வெளியூரில் மகள் இருக்கிறாள் என்றேன். "சொல்லியாச்சா?" என்றார். சொல்லியாச்சு என்றேன். பையை மூடிக்கொண்டு கிளம்பினார். மருந்துச் சீட்டு எழுதித் தரவில்லை.

வந்து என்ன பேசுவது, எங்கே ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வராதே. அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பையை எங்கேயாவது போட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல், நேரே பின்னறைக்குப் போ. அவளுக்கு இடது பக்கம் உட்கார், அந்தக் கைக்குத்தான் தொடுவது தெரியும். நானும் மிஷின்காரரும் வாசலில் இருப்போம். யாரும் உள்ளே வர மாட்டோம்.

நீ வரும்வரை இயந்திரத்தை ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். வாசலில் கார் நின்றால் அவளுக்குக் கேட்க வேண்டும் அல்லவா.

இந்தக் கடிதத்தில் "சீக்கிரம்" என்று எழுதப் பேனாவை ஊன்றி, எழுதாமல் எடுத்துவிட்டேன். எழுதினால் வழியெல்லாம் நீ பதறுவாய். நிதானமாகவே வா, தாயே. நல்லபடியாக வந்து சேர். ஆனால் இந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுப் புறப்படலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. கையில் பிடித்தபடியே புறப்படு.

உன் மாமா